இரண்டு வண்டி வெள்ளைக்கல் சூளைக்குள் போனால் ஒரு வண்டிதான் வெளியே வருகிறது. மீதி எங்கே போனது?

செட்டிச்சாவடி அம்மா
ஞாயிறு இரவு

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி என் மகனுடையது, எட்டாவது படிக்கிறான். அவன் கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டான், நான்தான் இரண்டு நாளாக விழித்துக்கொண்டு கிடக்கிறேன்.

என் அப்பா சேலம் கரட்டில் வெள்ளைக்கல் சூளையில் 26 வருடம் வேலை பார்த்தவர். அம்மாவும் அங்கேதான், கல்லை உடைத்துப் பொறுக்குகிற வேலை. எங்கள் வீட்டு டிவி பக்கத்தில் பொம்மைக்குப் பதிலாக ஒரு வெள்ளைக்கல்தான் உட்கார்ந்திருக்கிறது. காலிஃபிளவர் மாதிரி முண்டும் முடிச்சுமாக இருக்கும்.

பையனுக்குப் பாடத்தில் கரிமச் சுழற்சி வந்திருக்கிறது. நிலக்கரி, டீசல், விறகு இதையெல்லாம் எரித்தால் கரியமில வாயு வரும் என்று உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். திடீரென்று திரும்பி, "தாத்தா, நீங்க எரிச்சது கல்லுதானே, கல்லுல கரி கிடையாதே, அப்ப அதுல புகை மட்டும்தானா?" என்று கேட்டான். அப்பா யோசித்துவிட்டு ஒன்று சொன்னார். "ரெண்டு வண்டி கல்லு உள்ள போனா ஒரு வண்டிதான்டா வெளிய வரும். லேசா வெந்ததைக் கையில எடுத்தா கனமே தெரியாது. நல்லா வெந்தது சுருங்கிக் கெட்டியாயிரும். மீதி எங்க போச்சுன்னு நாங்க கேட்டதே இல்ல."

எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு வண்டிக் கல் எப்படிக் காணாமல் போகும்?

பையன் யூடியூபில் பார்த்துவிட்டு, அந்த டிவி பக்கத்துக் கல்லின் மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்தான். கரிமம் இருந்தால் நுரைக்குமாம். ஒன்றும் நடக்கவில்லை. கல் பிசுபிசுவென்று ஆனதும், அவனுடைய பாட்டியிடம் நான் திட்டு வாங்கியதும்தான் மிச்சம்.

கல்லுக்குள் கரியமில வாயு இருக்கிறதா இல்லையா? இருந்தால் உள்ளே எப்படிப் போனது? இன்னொன்றும் உண்டு. பையன் பாடத்தை மேலும் படித்துக் காட்டியதும் அப்பா முகம் மாறிவிட்டது. "அப்ப நான் 26 வருஷம் காத்தைக் கெடுத்தேன்னு சொல்றியா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு என்ன சொல்ல?

---

பழைய வேதியியல் வாத்தியார்
திங்கள் காலை

அம்மா, உங்கள் அப்பா சொன்னது துல்லியமான கணக்கு. முப்பது வருடம் பாடம் நடத்தினேன், இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

வெள்ளைக்கல் என்பது மெக்னீசியம் கார்பனேட். மெக்னீசியம் 24, கரிமம் 12, ஆக்சிஜன் மூன்று 48, மொத்தம் 84 பங்கு எடை. சூளையில் சூடு ஏறினால் ஒரு கரிமமும் இரண்டு ஆக்சிஜனும் கைகோத்துக்கொண்டு வாயுவாகப் போய்விடும். அது 44 பங்கு. மிஞ்சுவது 40. நூறு கிலோ சுத்தமான கல்லில் 52 கிலோ காற்றில் போகும். இரண்டு வண்டிக்கு ஒரு வண்டி என்று அவர் சொன்னது அப்படியே சரி. ஒரு டன் வெந்த கல் எடுத்தால் சுமார் 1.09 டன் கரியமில வாயு கல்லிலிருந்தே வந்திருக்கும். சூளைக்கு எரித்த எண்ணெயின் புகை இதில் சேர்த்தி இல்லை.

கரிமம் என்றதும் பையனுக்குக் கறுப்பாக அடுப்புக்கரி ஞாபகம் வருகிறது. அதில்தான் குழப்பம். சர்க்கரையிலும் கரிமம் இருக்கிறது, அது வெள்ளையாகத்தானே இருக்கிறது? சிமெண்டும் இதே சங்கதிதான். சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல்லை வேகவைக்கிறார்களே, அங்கே வருகிற கரியமில வாயுவில் பாதிக்கும் மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, கல்லிலிருந்தே வருகிறது.

எலுமிச்சைக்கு வருகிறேன். சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் உடனே பொங்கியிருக்கும். வெள்ளைக்கல் சோம்பேறி, குளிர்ந்த மென்மையான அமிலத்துக்கு அசையாது. கல் துண்டை நன்றாகப் பொடித்து, வினிகரைச் சூடாக்கி அதில் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் இன்னொரு டம்ளரில் அதே சூடான வினிகரில் ஆற்றுமணல் கொஞ்சம் போட்டு வைக்கட்டும். சூடான திரவத்தில் சாதாரணக் காற்றுக் குமிழும் வரும், இரண்டையும் ஒப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியும். கழிவறை கழுவும் ஆசிட் பக்கம் மட்டும் போகவேண்டாம். அப்புறம், பாட்டியிடம் அனுமதி வாங்கிவிட்டு அடுத்த துண்டை எடுக்கச் சொல்லுங்கள்.

உள்ளே எப்படிப் போனது என்பதைக் கல் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

கல்லுப்பைத்தியம்
திங்கள் மதியம்

நான் வருகிறேன். படிக்கும்போது சுத்தியலும் கையுமாக ஜாகீர் அம்மாபாளையம், கருப்பூர் பக்கமெல்லாம் வெயிலில் காய்ந்தவன்.

அக்கா, உங்கள் கரட்டில் இரண்டு கல் உண்டு. ஒன்று பச்சை கலந்த கனமான கறுப்புக் கல், டூனைட் என்போம். பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கிற சரக்கின் சாதி அது. ஆலிவின் என்கிற கனிமம்தான் அதில் பெரும்பங்கு, மெக்னீசியமும் சிலிக்காவும் சேர்ந்தது. இன்னொன்று அதற்குள் நரம்பு நரம்பாக ஓடுகிற வெள்ளைக்கல். சுரங்கச் சுவரைப் பார்த்தால் கறுப்புக் கையில் வெள்ளை நரம்பு புடைத்த மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள், அங்கே ஒரு கைப்பிடி சாக்கட்டிக் கல்கூடக் கிடையாது.

இந்த நரம்பு எப்படி வந்தது? கரியமில வாயு கரைந்த தண்ணீர் கறுப்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கியது. ஆலிவினுக்கு அந்தத் தண்ணீரைக் கண்டால் ஆகாது. மெக்னீசியம் போய்க் கரியமில வாயுவோடு ஒட்டிக்கொண்டு வெள்ளைக்கல் ஆனது, கழற்றிவிடப்பட்ட சிலிக்கா தனியாகப் படிந்தது. வெள்ளைக்கல் பொறுக்கும்போது நடுவில் கண்ணாடி மாதிரி, மெழுகு மாதிரி கடினமான துண்டு வந்தால் வீசிவிடுவார்கள் அல்லவா? உங்கள் அம்மாவைக் கேளுங்கள், கட்டாயம் தெரிந்திருக்கும். அந்தச் சிலிக்காதான் அது. சூளைக்கு அது ஆகாது என்பதால்தான் பொறுக்குகிற வேலையே இருந்தது.

அதாவது உங்கள் டிவி பக்கத்தில் உட்கார்ந்திருப்பதில் பாதி, கல்லாக உறைந்த வாயு.

இது சேலத்தில் மட்டும் நடந்த அதிசயம் இல்லை. ஓமான் நாட்டு மலைகளில் இதே சாதிக் கல்லில் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. ஐஸ்லாந்தில் ஹெல்லிஷெய்தி என்ற இடத்தில் 2012இல் கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைத்து எரிமலைக் கல்லுக்குள் இறக்கினார்கள். இரண்டு வருடத்துக்குள் கிட்டத்தட்ட எல்லாமே கல்லாகிவிட்டது. உங்கள் அப்பா செய்ததைப் பின்பக்கமாக ஓட்டிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

பெரிய அளவில் பார்த்தால் பூமி இதைக் கோடிக்கணக்கான வருடங்களாகச் செய்கிறது. மழை காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கரைத்து லேசான அமிலமாக இறங்கும், மலைக்கல்லை அரிக்கும், ஆறு அதைக் கடலுக்குக் கொண்டுபோகும், அங்கே சிப்பியும் நுண்ணுயிரும் அதை ஓடாக்கும், ஓடு அடியில் படிந்து சுண்ணாம்புக்கல் ஆகும். எரிமலைகள் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் திருப்பி விடும். பூமி சூடானால் மழையும் அரிப்பும் கூடி வாயு குறையும், குளிர்ந்தால் அரிப்பு மந்தமாகி வாயு சேரும். 1981இல் வாக்கர், ஹேய்ஸ், காஸ்டிங் என்ற மூன்று விஞ்ஞானிகள் இதை எழுதினார்கள். இஸ்திரிப் பெட்டி சூடானால் தானாக அணைந்து ஆறினால் திரும்ப எரியும் இல்லையா, அந்த மாதிரி. ஆனால் இந்தப் பெட்டி ஒரு தடவை அணைந்து எரிய லட்சக்கணக்கான வருடம் ஆகும்.

---

மலைக்காப்பி
திங்கள் இரவு

ஏற்காட்டில் சின்னத் தோட்டம். லேடீஸ் சீட்டில் நின்றால் கீழே உங்கள் கரடு வெள்ளைவெள்ளையாகத் தெரியும். சுற்றுலா வருகிறவர்கள் அதை உப்பளமா என்று கேட்பார்கள். சிரித்துவிட்டு ஆமாம் என்று சொன்னதும் உண்டு, மன்னிக்கவும்.

கல்லுப்பைத்தியம் தம்பி சொன்ன அரிப்பு எங்கள் காலடியிலேயே நடக்கிறது. மலை முழுக்க சார்னோகைட் கல். மழை மட்டும் அதை அரிப்பதாக நினைக்கவேண்டாம், அதைவிட அதிக வேலை மண்ணுக்குள். சில்வர் ஓக் இலை உதிர்ந்து மக்குகிறது, காப்பி வேர் மூச்சு விடுகிறது. அதனால் மண்ணுக்குள் இருக்கிற காற்றில் கரியமில வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு. பூ மழை (காப்பியைப் பூக்கவைக்கிற கோடை மழை) பெய்த மறுநாள் மண்ணைக் கிளறினால் ஒரு வாசனை அடிக்குமே, அந்த நேரத்தில் மண் மூச்சு இரைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று கரைந்த தண்ணீர்தான் கல்லைத் தின்கிறது. சுண்ணாம்புச் சத்து, மெக்னீசியம், சிலிக்கா எல்லாம் ஓடையில் இறங்கி ஒரு பக்கம் திருமணிமுத்தாறு வழியாகக் காவிரிக்கும், இன்னொரு பக்கம் வாணியாறு வழியாகத் தென்பெண்ணைக்கும் போகின்றன. மலை உச்சிகளில் பாக்சைட் இருக்கிறதே, மழை கரைக்க முடிந்ததையெல்லாம் கரைத்துக்கொண்டு போனபின் மிஞ்சிய சக்கை அது. மேட்டூரில் அலுமினியம் ஆனது அந்தச் சக்கைதான்.

இந்தச் சுழற்சியின் ஒரு துண்டு உங்கள் சமையலறையிலும் உண்டு. போர் தண்ணீர் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு படிகிறதல்லவா? அந்தத் தண்ணீர் மண்ணில் வாயுவைக் கரைத்துக் கல்லைத் தின்ற தண்ணீர். கொதிக்கவைத்ததும் தின்றதில் பாதியைக் கல்லாகத் துப்பிவிட்டு, மீதி வாயுவை ஆவியோடு விட்டுவிடுகிறது. கடலில் சிப்பி ஓடு செய்யும்போதும் இதே கணக்குதான்: கல் அரித்தபோது வாங்கிய வாயுவில் பாதி ஓட்டில் தங்கும், பாதி திரும்பிவிடும்.

என் பங்குக்கு ஒரு வாக்குமூலம். எங்கள் மண் புளிப்பு மண். இரும்பும் அலுமினியமும் மிஞ்சிய மண் என்பதால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) போட்டால் அதைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்குக் கொடுக்காது. மணிச்சத்துக்கு வானத்து வழியே கிடையாது. கரிமம், தழைச்சத்து (நைட்ரஜன்) மாதிரி காற்றில் ஏறி மழையில் இறங்காது, கல்லிலிருந்து வந்தால்தான் உண்டு. அதனால் புளிப்பை முறிக்க சில வருடத்துக்கு ஒரு முறை சுண்ணாம்புக்கல் பொடி தூவுகிறேன். நூறு கிலோ தூவினால் அதற்குள் 44 கிலோ கரியமில வாயு, அதில் ஒரு பகுதி காற்றுக்குப் போகும். சூளை இல்லாத சூளைக்காரன் நான். அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் தனியாள் இல்லை.

---

சும்மா கேட்கிறேன்
செவ்வாய் காலை

ஒரு எரிமலை வெடித்தால் மனிதன் விடுகிற எல்லாவற்றையும்விட அதிகம் வரும் என்று படித்தேன். பூமியே பார்த்துக்கொள்ளும் என்று மேலே சொல்கிறீர்கள். அப்புறம் எதற்கு இந்தப் பெரியவரைப் பயமுறுத்துகிறீர்கள்?

---

கல்லுப்பைத்தியம்
செவ்வாய் காலை

தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள். உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் விடுவது மனிதர் விடுவதில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. 1991இல் பிலிப்பைன்ஸில் பினாடுபோ எரிமலை வெடித்தபோது பூமி சூடாகவில்லை, உலகச் சராசரியில் அரை டிகிரி அளவுக்கு ஒன்றிரண்டு வருடம் குளிர்ந்தது. காரணம் கரிமம் இல்லை, கந்தகம். கந்தகப் புகை மேலே போய் வெயிலை மறைத்தது, இரண்டு மூன்று வருடத்தில் இறங்கிவிட்டது.

பூமி பார்த்துக்கொள்ளும் என்பது உண்மைதான். எப்போது என்பதில்தான் சிக்கல். கல் அரிப்பு ஒரு வருடத்தில் உள்வாங்கும் கரிமம், நாம் எரித்து விடுவதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. 1958இல் ஹவாயில் கீலிங் என்ற விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 315 பங்கு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. 5 கோடியே 60 லட்சம் வருடங்களுக்கு முன்னால் ஒருமுறை கரிமம் ஏகமாக வெளியேறிப் பூமி சூடானது, பழைய நிலைக்குத் திரும்ப ஒரு லட்சம் வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை காத்திருக்க உங்களுக்கு வசதி உண்டு என்றால் சரி.

பெரியவரை நான் பயமுறுத்தவில்லை. அவர் வேகவைத்த கல் இரும்பு உருக்கும் உலைக்குள் செங்கலாகப் போயிருக்கும். அந்த இரும்பில் செய்த ஏதோ ஒன்று நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலும் இருக்கும். தனியாக அவர் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயம் இல்லை.

---

ஆத்தூர் குச்சிக்கிழங்கு
செவ்வாய் இரவு

எல்லோரும் கரிமத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். தழைச்சத்தை விட்டுவிட்டீர்களே.

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான், ஆனால் என் குச்சிக்கிழங்குச் செடிக்கு அது எட்டாத பழம். அதனால் யூரியா. ஒரு மூட்டை 45 கிலோ. வாத்தியார் மாதிரி நானும் கணக்குப் போட்டேன், தப்பிருந்தால் சொல்லுங்கள். யூரியா செய்யும்போது கரியமில வாயுவைச் சேர்த்துத்தான் செய்கிறார்கள், மண்ணில் கரைந்ததும் அது கழன்றுவிடும். 60க்கு 44 என்ற கணக்கில் மூட்டைக்கு 33 கிலோ. இது சின்ன விஷயம். மூட்டையில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது 20 கிலோ சொச்சம். அதில் நூற்றில் ஒரு பங்கு மண் கிருமிகள் கையில் சிக்கி நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது என்பது பொதுவாக வைக்கும் மதிப்பு. முந்நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே. முந்நூறு கிராம்தானே என்று விட்டுவிட முடியாது, நூறு வருடக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு சூடாக்கும். எண்பது தொண்ணூறு கிலோவுக்குச் சமம். பார்வைக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. மழை வரும் நேரம் பார்த்து ஒரேயடியாகக் கொட்டாமல் மூன்றாகப் பிரித்துப் போடுகிறேன். செலவு மிச்சம் என்றுதான் ஆரம்பித்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

கிழங்கு போகிற சேகோ (ஜவ்வரிசி) ஆலையிலும் ஒரு கதை உண்டு. கிழங்கு அரைத்து மாவு எடுத்தபின் திப்பி மாட்டுக்குப் போகும், கழிவுத் தண்ணீர் குட்டையில் தேங்கும். சின்ன வயதில் அந்த வழியாகப் பள்ளிக்குப் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். அந்தக் குட்டையில் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது மீத்தேன் என்று அப்போது யாருக்குத் தெரியும்? இப்போது பல ஆலைகளில் குட்டையை மூடி வாயுவைப் பிடித்து எரிக்கிறார்கள், மின்சாரமும் எடுக்கிறார்கள். எரித்தாலும் கரியமில வாயு வரும்தான். ஆனால் அது போன வருடம் என் செடி காற்றிலிருந்து வாங்கிய கரிமம், கல்லில் தூங்கிக்கொண்டிருந்தது இல்லை. இந்த வித்தியாசத்தைப் பையனுக்குச் சொல்லுங்கள் அக்கா, புத்தகத்தில் இது அவ்வளவு பளிச்சென்று இருக்காது.

---

செட்டிச்சாவடி அம்மா
புதன் இரவு

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. உட்கார்ந்து உரக்க வாசித்தேன், வீடே கேட்டது.

சோதனை நடந்தது. பாட்டியே அம்மிக்கல்லில் பொடித்துக் கொடுத்தாள். (கண்ணாடி மாதிரித் துண்டு பற்றிச் சொன்னதும் சிரித்தாள். "அதைப் பொறுக்காம விட்டா கங்காணி கத்துவான், அதுக்குப் பேரு வேற இருக்கா?" என்றாள்.) மணல் போட்ட டம்ளரில் முதலில் இரண்டு மூன்று குமிழ், பிறகு சும்மா இருந்தது. வெள்ளைக்கல் பொடி போட்ட டம்ளரில் ஊசிமுனை அளவுக் குமிழ்கள் அடியிலிருந்து நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தன. பெரிய பொங்கல் எல்லாம் இல்லை. ஆனால் பையன் பத்து நிமிடம் அசையாமல் பார்த்தான். அவன் பத்து நிமிடம் அசையாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்பாவும் வந்து பார்த்தார். காற்றைக் கெடுத்த பேச்சை எடுக்கவில்லை. வேறொன்று கேட்டார், வாத்தியாரிடம் கேட்கச் சொன்னார்: "வெந்த கல்லை வெளியில போட்டு வச்சா, போன காத்து திரும்பி வருமா?"

---

பழைய வேதியியல் வாத்தியார்
புதன் இரவு

வரும், எந்தக் கல் என்பதைப் பொறுத்து. லேசாக வெந்தது நுண்துளை நிறைந்தது. ஈரம் பட்டால் தண்ணீரை உறிஞ்சும், அப்புறம் காற்றிலிருக்கும் கரியமில வாயுவையும் மெதுவாகத் திரும்ப வாங்கும். முழுசாக இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. 1,600 டிகிரிக்கு மேல் வெந்து கெட்டியானது ஏறக்குறைய வாங்கவே வாங்காது. உலைச் செங்கலுக்கு அதைத்தான் கேட்பார்கள், காரணமும் அதுதான். அவருக்கு இது அனுபவத்தில் தெரிந்திருக்குமே?

---

செட்டிச்சாவடி அம்மா
புதன் இரவு

தெரிந்திருக்கிறது சார். படித்துக் காட்டியதும் உடனே சொன்னார். ஒரு ஐப்பசி மழையில் கொட்டகை ஒழுகி, லேசாக வெந்த பொடி மூட்டை முப்பது நாற்பது நனைந்துவிட்டதாம். காய்ந்தபின் பார்த்தால் எல்லாம் பாறையாக இறுகிக் கிடந்ததாம். சாக்கைக் கிழித்து எறிந்துவிட்டுக் கடப்பாரையால் உடைத்திருக்கிறார்கள். அந்த வாரக் கூலியில் பிடித்துவிட்டார்கள் என்ற கோபம் இன்னும் போகவில்லை. எடை போட்டுப் பார்த்தீர்களா தாத்தா, கூடியிருந்ததா என்று பையன் கேட்கிறான். அப்பா அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.